கையெழுத்தைப் பார்த்தவர்



உரையின் பொருள் சட்டம் சார்ந்ததாக இருக்க வேண்டும், ஆனால் சட்டம் படிக்காதவருக்கும் விளங்க வேண்டும் என்று, தந்தையின் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவிய மூன்று சகோதரிகள் கேட்டுக்கொண்டார்கள். அதனால் உயிலை எடுத்துக்கொண்டேன். இந்த மண்டபத்தில் பாதிப்பேர் உயில் எழுதும் வயதில் இருக்கிறீர்கள். மீதிப்பேர் அதை எதிர்த்து வழக்குப் போடும் வயதில் இருக்கிறீர்கள்.

நான் தோற்ற ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். காவிரிக் கரையில் ஒரு சிற்றூர். பெரியவருக்கு இரண்டு மகன்கள், மூன்று மகள்கள். கடைசி மகள் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். எட்டு ஆண்டுகள் அப்பாவுக்குச் சோறு போட்டு, மருந்து கொடுத்து, கடைசியில் படுக்கையில் கிடந்தவரைத் துடைத்துவிட்டது அந்தப் பெண்தான். பெரியவர் தம் சுயசம்பாத்தியமான வீட்டையும் ஒன்றரை ஏக்கர் நஞ்சையையும் அவர் பேருக்கு உயில் எழுதினார். இருபது ரூபாய் முத்திரைத் தாளில், பத்திர எழுத்தர் எழுதியது. உயிலுக்கு முத்திரைத் தாளே தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். ஆனாலும் முத்திரைத் தாளில் எழுதினால்தான் நம் மக்களுக்கு மனம் ஆறும். கையெழுத்து பெரியவருடையதுதான். ஊரில் யாருக்கும் அதில் ஐயமில்லை. எதிர்த்து வந்த அண்ணன்களுக்கே இல்லை என்று நினைக்கிறேன்.

சாட்சிகள் இருவர். ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர் உரக்கடைக்காரர், நல்ல மனிதர், பொய் பேசாதவர். அந்த நல்ல குணம்தான் எங்களைக் கவிழ்த்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவரிடம் மூன்றே கேள்விகள் கேட்டார்.

“பெரியவர் கையெழுத்துப் போடும்போது நீங்க எங்க இருந்தீங்க?”

“கடையில இருந்தேங்க.”

“பத்திரம் உங்க கைக்கு வந்தப்ப அவரு கையெழுத்து அதுல இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க.”

“பெரியவரும் கூட வந்தாரா?”

“அவரு எங்கீங்க வர்றது, நடக்க மாட்டாரு. அந்தப் பொண்ணுதான் கொண்டாந்துச்சு. அவரு கையெழுத்து எனக்குத் தெரியுமே, அதான் போட்டுக் குடுத்தேன்.”

அவ்வளவுதான். உயில் அங்கேயே விழுந்துவிட்டது. சொத்து ஐந்து பங்காயிற்று. அப்பாவைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு ஐந்தில் ஒன்று. உண்மையான உயில், உண்மையான கையெழுத்து, உண்மையான சாட்சி, அப்படியும் தோற்றோம். கூண்டில் ஏறுவதற்கு முன்பு அந்த மனிதரை எதிரில் உட்காரவைத்து அன்று என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்டிருக்க வேண்டியவன் நான். “கையெழுத்து உங்களுதுதானே?” என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டேன். கேட்டிருந்தாலும் வழக்கு தேறியிருக்காது. அந்தப் பெண்ணுக்கு வீண் நம்பிக்கை கொடுக்காமலாவது இருந்திருப்பேன்.

சட்டம் என்ன கேட்கிறது? 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-ஆவது பிரிவு. உயில் எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அல்லது அவர் முன்னிலையில், அவர் சொல்லி, இன்னொருவர் போட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒவ்வொரு சாட்சியும் அவர் கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்; இல்லையென்றால் “இது நான் போட்ட கையெழுத்துதான்” என்று அவர் வாயால் நேரில் கேட்டிருக்க வேண்டும். பிறகு சாட்சி, உயில் எழுதியவரின் கண்முன்னே தன் கையெழுத்தைப் போட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும் என்பதில்லை. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்றாலும் செல்லும். ஆனால் இருவருமே பெரியவரின் முன்னால் வந்தாக வேண்டும். பத்திரம் உரக்கடைக்குப் போகக் கூடாது. உரக்கடைக்காரர் திண்ணைக்கு வர வேண்டும்.

நம் ஊரில் சாட்சிக் கையெழுத்து என்பது ஒரு மரியாதை. “அண்ணே, ஒரு கையெழுத்து” என்றால் என்ன ஏது என்று படிக்காமல் போட்டுக் கொடுப்பது பெருந்தன்மை. படித்துப் பார்த்துப் போடுகிறவரை ‘ரொம்பத்தான்’ என்போம். இந்தப் பெருந்தன்மையால் தோற்ற உயில்கள், கள்ளக் கையெழுத்தால் தோற்ற உயில்களைவிட அதிகம். இது புள்ளிவிவரம் இல்லை, என் அனுபவம்.

“ரிஜிஸ்டர் பண்ணியாச்சு சார், இனி யாரு அசைக்க முடியும்?” என்று கட்சிக்காரர்கள் கேட்பார்கள். அசைக்கலாம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி உயிலைப் பதிவதும் பதியாததும் எழுதியவர் விருப்பம். பதிந்தால் அது மூன்றாம் புத்தகத்தில் ஏறும்; அவர் உயிரோடு இருக்கும்வரை பிறர் அதன் நகலை வாங்க முடியாது; வில்லங்கச் சான்றிலும் வராது. தொலைந்துபோகாது, தேதியை மாற்ற முடியாது, பெரியவர் சார்பதிவாளர் முன்னால் வந்தார் என்பதற்கு ஒரு தடயம் இருக்கும். நல்லதுதான், பதிந்துகொள்ளுங்கள் என்றே நானும் சொல்வேன். ஆனால் சாட்சியச் சட்டத்தின் ஒரு மூலையைப் பாருங்கள். பழைய 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 68-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 67-ஆவது பிரிவாக இருக்கிறது. சான்றொப்பம், அதாவது சாட்சிக் கையெழுத்து, வேண்டிய ஆவணத்தை நிரூபிக்கச் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும் என்பது விதி. பதிவான ஆவணமாக இருந்து, எழுதியவர் அதைக் குறிப்பாக மறுக்கவில்லை என்றால் சாட்சியை அழைக்க வேண்டியதில்லை என்று அதற்கு ஒரு விலக்கு. அந்த விலக்கிலேயே இரண்டு மூன்று சொற்களில், உயில் நீங்கலாக என்று போட்டுவிட்டார்கள். தானப் பத்திரத்துக்குக் கிடைக்கும் சலுகை உயிலுக்குக் கிடையாது. முப்பது ஆண்டுப் பழைய ஆவணம் என்றால் தானே மெய் என்று கொள்ளும் அனுமானமும் உயிலுக்கு உதவாது. 2008-இல் உச்ச நீதிமன்றம் அதையும் தெளிவாக்கிவிட்டது.

காரணம் எளிது. கிரையப் பத்திரம் எழுதிய ஆளைக் கூப்பிட்டு, நீ எழுதினாயா என்று கேட்கலாம். உயில் பேசத் தொடங்கும்போது எழுதியவர் உயிரோடு இல்லை. அவருக்குப் பதிலாகப் பேச இருக்கும் ஒரே குரல் சாட்சியுடையது.

சார்பதிவாளர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதே, அவரே சாட்சியாக மாட்டாரா? 1969-இல், சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் போன அப்துல் ஜப்பார் சாகிப் வழக்கு இந்தக் கேள்வியைத் தொட்டது. அது உயில் வழக்கு அல்ல, பிணைப் பத்திரம். சான்றளிக்கும் எண்ணத்தோடு போட்ட கையெழுத்துதான் சான்றொப்பம் என்றது நீதிமன்றம். கடமைக்குக் கையெழுத்திடும் சார்பதிவாளரும், ஆளை அடையாளம் காட்டக் கையெழுத்திடுபவரும் அதனாலேயே சாட்சியாகிவிட மாட்டார்கள். பத்திர எழுத்தரும் அப்படித்தான். ‘எழுதியவன்’ என்று போட்ட கையெழுத்து, எழுதியதற்கு மட்டுமே.

ஒரு சாட்சியை அழைத்தால் போதும் என்றேன். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வந்த அந்த ஒருவர், தான் பார்த்ததை மட்டுமின்றி, மற்றச் சாட்சியும் முறைப்படி கையெழுத்திட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அது வரவில்லை என்றால் இரண்டாமவரையும் அழைத்தாக வேண்டும். உயிரோடு இருக்கிறவரை அழைக்காமல் விட்டுவிட்டுப் பிற சாட்சியத்தைக் காட்டித் தப்ப முடியாது. 2002-இல் ஜானகி நாராயண் போயிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. இருவருமே இறந்துவிட்டால் வழி மாறும். அவர்களில் ஒருவரின் கையெழுத்தும், உயில் எழுதியவரின் கையெழுத்தும் அவரவருடையவை என்று காட்ட வேண்டும். அப்போதுதான் இறந்த சாட்சியின் மகன், அப்பாவின் பழைய கூட்டுறவு வங்கிப் பாஸ்புக்கையும் கடிதக் கட்டையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்கு வருவார். கூண்டில் நின்று அப்பாவின் எழுத்தைத் தடவிக்கொண்டே பதில் சொன்ன ஒருவரை எனக்கு நினைவிருக்கிறது. நீதிபதியும் அவசரப்படுத்தவில்லை.

இதுவரை சொன்னது சடங்கு. சடங்கு சரியாக நடந்திருந்தும் மனம் ஒப்பாத உயில்கள் உண்டு. அங்கேதான் சட்டம் சுவைப்படுகிறது.

1838-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் பாரி எதிர் பட்லின் என்று ஒரு வழக்கு. உயிலைத் தயாரித்த வழக்கறிஞருக்கே அந்த உயிலில் சொத்தில் ஏறக்குறைய கால்பங்கு. ஒரே மகனுக்கு ஒன்றுமில்லை. உயிலை நிரூபிக்கும் பாரம் அதை முன்வைப்பவர்மேல்; பயனடைபவரே அதைத் தயாரித்திருந்தால் நீதிமன்றம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் என்ற விதி அங்கே தெளிவாகச் சொல்லப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த உயில் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. ஐயம் என்பது தீர்ப்பு அல்ல. அது ஒரு கேள்வி. விடை கிடைத்தால் உயில் நிற்கும்.

நம் நாட்டில் இதை முழுதாக வகுத்துக் கொடுத்தது 1958 நவம்பரில் நீதியரசர் கஜேந்திரகட்கர் எழுதிய வெங்கடாசல ஐயங்கார் வழக்குத் தீர்ப்பு. இன்றைக்கும் எந்த உயில் வழக்கிலும் இரு தரப்பும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. மைசூர்ப் பக்கத்துப் பெண்மணி ஒருவரின் உயில். அதை நிறைவேற்ற நியமிக்கப்பட்டவரே அதை எழுதவைப்பதில் முன்னின்றார். அவருடைய மகன்களுக்கு அதில் கணிசமான பயன். அந்த உயில் நிற்கவில்லை. நடுங்கிய கையெழுத்து, தளர்ந்த மனம், இயல்பான வாரிசுகளை ஒதுக்கியிருப்பது, பயனடைபவர் முன்னின்று நடத்தியது: இவை இருந்தால், உயிலை முன்வைப்பவர்தான் ஐயத்தைப் போக்க வேண்டும். கணிதம்போல நிரூபிக்கச் சொல்லவில்லை. விவேகமுள்ள மனம் ஒப்பினால் போதும். ஏமாற்று, மிரட்டல், நச்சரிப்பு என்று எதிர்த்தரப்பு சொன்னாலோ, அதை நிரூபிப்பது அவர்கள் பாடு. 1976-இல் ஜஸ்வந்த் கௌர் வழக்கு இன்னும் ஒரு படி போனது. ஐயம் சூழ்ந்த உயில் வந்துவிட்டால் அது வாதிக்கும் பிரதிவாதிக்கும் நடுவிலான சண்டையாக மட்டும் இருப்பதில்லை, நீதிமன்றத்தின் மனச்சாட்சிக்கு வந்த சோதனையாகிவிடுகிறது என்றது.

நம் பக்கத்து உயில்களில் ஐயம் பெரும்பாலும் மகள் உருவில் வரும். “மகள்களுக்குத் திருமணம் செய்து நகை, சீர்வரிசை எல்லாம் கொடுத்துவிட்டபடியால்” என்ற வாசகம் இல்லாத பழைய உயிலை நான் அதிகம் பார்த்ததில்லை. மகளை ஒதுக்கியதாலேயே உயில் பொய்யாகிவிடாது. இயல்பான வாரிசு முறையை மாற்றத்தானே உயிலே எழுதுகிறார்கள்? ஆனால் ஐந்து மகள்களின் பெயர்களைக்கூடச் சொல்லாமல் ‘எனக்கு ஒரே மகன்’ என்று எழுதிய உயிலையும் பார்த்திருக்கிறேன். பெற்ற மகள்களை மறந்தவர் நல்ல நினைவோடு எழுதினார் என்று யார் நம்புவார்? காரணத்தை ஒரு வரி எழுதிவிடுங்கள். கோபம் என்றால் கோபம் என்றே எழுதுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உயில் மெய்யா பொய்யா என்று பார்ப்பதற்கு முன், கொடுத்தவருக்கு எவ்வளவு சொந்தம் என்று பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 1989 திருத்தமும், நாடு முழுவதற்கும் 2005 திருத்தமும் வந்தபிறகு, பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு. அப்பா தம் பங்குக்குத்தான் உயில் எழுதலாம். மகள் பங்கையும் சேர்த்து மகனுக்கு எழுதிய உயிலைப் பொய் என்று நிரூபிக்க வாதாடிப் பத்து ஆண்டுகளை வீணாக்கிய குடும்பங்கள் உண்டு. அது மெய்யாகவே இருந்தாலும் அந்தப் பங்கைத் தொட்டிருக்க முடியாது.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயில் மெய் என்ற சான்று, கேட்டுப் போடும் மனுவுக்கு யாராவது கேவியட் என்னும் எதிர்ப்பு மனு போட்டால் அது டி.ஓ.எஸ். என்ற உயில் வழக்காகிவிடும், அதன்பின் அது முழு வழக்கு. 2004-இல் இறந்த பிரியம்வதா பிர்லாவின் உயில் வழக்கு கல்கத்தாவில் நடந்துகொண்டிருக்கும்போதே, உயிலால் பயனடைய வேண்டியிருந்த கணக்குத் தணிக்கையாளர் லோதா 2008-இல் காலமானார். வழக்கு அவருக்குப் பின்னும் நீண்டது.

சாட்சியை எப்படித் தேர்ந்தெடுப்பது? இந்த அறக்கட்டளை யார் பெயரில் இருக்கிறதோ, அந்தப் பெரியவர் எனக்குக் காட்டிய வழியையே சொல்கிறேன். நான் அவரிடம் ஜூனியராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஒருநாள் மாலை வீட்டுக்கு வரச் சொன்னார். அவருடைய உயிலுக்கு நான் ஒரு சாட்சி, அவருடைய மருத்துவர் இன்னொருவர். “ஐயா, நான் சின்னவன், ஊர்ப் பெரியவங்க யாரையாவது…” என்றேன். “பெரியவங்க எனக்கு முன்னாடி போயிடுவாங்கப்பா. நீ இருப்பே” என்றார்.

கையெழுத்திட்டு முடித்ததும் என்னைப் பார்த்து, “என்ன பார்த்தே? போய் உன் டைரியில எழுதி வை. என்னைக் கேட்காம எழுது” என்றார். அவர் மறைந்தபின் மூன்று மகள்களும் அந்த உயிலை ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். என்னைக் கூண்டில் ஏற்ற யாருக்கும் தேவை வரவில்லை. ஆனாலும் டைரியை வைத்திருக்கிறேன். இன்று இங்கே வருவதற்கு முன் எடுத்துப் பார்த்தேன். மாலை ஆறேகால். மின்சாரம் இல்லை, அரிக்கேன் விளக்கு. ஐயா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்று பக்கத்தையும் வாய்விட்டுப் படித்தார். காற்றில் தாள் பறக்காமல் இருக்க வெற்றிலைப் பெட்டியை அதன்மேல் வைத்தார். கறுப்பு மை. இரண்டாம் பக்கத்தில் பேனா மக்கர் செய்தது, டாக்டர் தம் பேனாவைக் கொடுத்தார். ஆகவே இரண்டாம், மூன்றாம் பக்கங்களின் கையெழுத்து நீல மையில் இருக்கும்.