புள்ளிகளில் எழுந்த முகம்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர்கள் நிறைந்த அவையில் ஓவியம் பற்றிப் பேச வந்துள்ளேன். அதுவும் கணினியில் வரைந்த ஓவியம் பற்றி. பொறுத்தருள்க.

மறைந்த என் தாயாரின் புகைப்படம் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் எஞ்சியுள்ளது. உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்பு வெள்ளைப் படம். ஈரம் பட்டு இடக்கன்னம் முழுதும் உரிந்துவிட்டது. அதனைப் புள்ளிகளால் மீட்டெடுக்கத் துணிந்தேன்.

புள்ளியோவியத்தின் முன்னோடி பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சொரா. 1884 முதல் 1886 வரை உழைத்து, ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட 'கிராந்த் ஜாத்' ஓவியத்தைப் படைத்தார். 1891இல் மறைந்தபோது அவருக்கு அகவை 31. அவர் பாடம் கற்றது செவ்ரல் என்னும் வேதியியலரின் நூலில். பாரிசின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவின் தலைவராயிருந்த செவ்ரலிடம், கறுப்பு நூல் வெளிறித் தெரிவதாக முறையிட்டனர். சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறமே கறுப்பைக் கெடுக்கிறது என்று அவர் கண்டார், 1839இல் நூலாக்கினார். சொற்களுக்கும் இது நேர்வதை நீங்கள் அறிவீர்கள்.

நான் பயன்படுத்தியது 'கிரிட்டா' என்னும் இலவச மென்பொருள். புகைப்படத்தை அடியடுக்கில் மங்கலாக வைத்து, மேலே வெற்றடுக்கு ஒன்றை விரித்தேன். தூரிகை வட்டமாக, விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். புள்ளி சற்றும் ஒளி ஊடுருவலாகாது. ஊடுருவினால் மென்பொருளே நிறங்களைக் கலந்துவிடும்; கலக்க வேண்டியதோ கண். மஞ்சளையும் நீலத்தையும் அடுத்தடுத்து இட்டால் பச்சை தோன்றுமென எண்ணியிருந்தேன், சாம்பலே தோன்றியது! கிண்ணத்தில் கலக்கும் சாயத்தின் கணக்கு வேறு, கண்ணில் கலக்கும் ஒளியின் கணக்கு வேறு. ஆகவே நிழலுக்குக் கறுப்பை விடுத்து, செம்மண் நிறத்தினிடையே நீலமும் ஊதாவும் தூவினேன்.

ஒரே சொடுக்கில் படத்தைப் புள்ளியாக்கும் வசதிகளும் உண்டு. முயன்று பார்த்தேன், கண்மணிக்கும் பின்சுவருக்கும் ஒரே அளவுப் புள்ளி. அழித்துவிட்டேன்.

உரிந்த கன்னத்துக்கு என் செய்வது? வலக்கன்னத்தையே திருப்பி இடப்பக்கம் படியெடுத்தேன். நான்கு மடங்கு பெரிதாக்கி இரவிரவாகப் புள்ளியிட்டேன். அவ்வளவு அருகில் முகம் தெரியாது, புள்ளிதான் தெரியும். ஒருநாள் படத்தைச் சுருக்கிப் பார்த்தால் அங்கே யாரோ ஒரு பெண்மணி!

தமக்கையாரிடம் காட்டினேன். "அம்மா அந்தப் பக்கந்தானே வெற்றிலையை அடக்கிக்கொள்வாள்? கன்னம் கொஞ்சம் உப்பியிருக்குமேடா," என்றார். "மஞ்சளையும் காணோம்."

அந்த அடுக்கை நீக்கினேன். கன்னத்தைச் சற்றே உப்பவைத்து, மஞ்சள் புள்ளிகளை இட்டு, அவை ஒளிர இடையிடையே ஊதாவை வைத்தேன். பதினெட்டு இரவுகள் ஆயின.

தமக்கையார் மறுபடி வந்தார். வாசற்படியில் நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு திரையருகே வந்து கன்னத்தைத் தொட்டார். அங்கே புள்ளிகளே இருந்தன. ஒன்றும் பேசாமல் மீண்டும் வாசற்படிக்கே போய் நின்றுகொண்டார்.