நான்கு சேர்க்கையும் ஓர் இணையும்

(நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இம்மேடையில் நமக்கு முன் பேசியோர் கற்றுத் துறைபோகியவர்கள். நாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ஹௌராவில் பார்சல் பதிவேடு எழுதும் குமாஸ்தா. குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் பேசும் தகுதி நமக்கு இல்லை. ஆகவே நமக்குத் தெரிந்த ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். செயலாளர் முதலில் புருவத்தை நெரித்தார். பணம் வைத்து ஆடுவதைப் பற்றியதன்று என்று நாம் உறுதி கூறிய பின்னரே இசைந்தார். அவருக்கு நம் நன்றி.

அவ்விளையாட்டின் பெயர் மாஜோங். சீன நாட்டில் 19-ஆம் நூற்றாண்டில் உருப்பெற்று, 1920-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியது. நாம் வாழும் இக்கொல்கத்தா நகருக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே சீனர்கள் இங்கு வந்து குடியேறினர். தச்சர்களாகவும், காலணி செய்வோராகவும், தோல் பதனிடுவோராகவும், பல் வைத்தியர்களாகவும் டிரெட்டா பஜாரிலும் டாங்ராவிலும் வாழ்ந்தனர். 1962-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அவர்கள் நிலை தாழ்ந்தது. இந்தியச் சீனர் பலர் இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். பின்னர்ப் பலர் இந்நாட்டை விட்டே அகன்றனர்.

எஞ்சியவருள் ஒரு முதியவர், காலணிக் கடைக்காரர், பார்சல் அனுப்ப நம் அலுவலகத்துக்கு வருவார். வங்காளிகள் பாட்டனாரை அழைப்பது போல் நாம் அவரைத் ‘தாது’ என்று அழைப்போம். அவர் நம்மைப் ‘பாபு’ என்பார். மாஜோங் ஆட நால்வர் வேண்டும். அவருடன் ஆடிவந்த ஒருவர் டொரண்டோ நகரிலுள்ள மகனிடம் சென்றுவிடவே, அவர் மேசையில் ஓரிடம் காலியாயிற்று. “பாபு, ஞாயிறு மாலைகளில் வாருங்கள்” என்றார். அவ்வாறுதான் நாம் நான்காம் ஆளானோம்.

இனி ஆட்டத்தைக் கூறுவோம். ரம்மி அறிந்தவர்களுக்கு இதில் பாதி எளிதாக விளங்கும். சீட்டுக்குப் பதிலாக இங்கே காய்கள். வட்டம், மூங்கில், எழுத்து என மூன்று இனங்கள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை, ஒவ்வோர் எண்ணுக்கும் நான்கு காய்கள், ஆக 108. நான்கு திசைக் காற்றுகளுக்கு 16. சிவப்பு, பச்சை, வெள்ளை என்னும் டிராகன்களுக்கு 12. மொத்தம் 136. பூக்களும் பருவங்களுமாக எட்டுக் காய்கள் சேர்ந்தால் 144. தாது நமக்குக் கற்பித்தபோது அவ்வெட்டையும் ஒதுக்கி வைத்துவிட்டார்.

கையில் எப்போதும் 13 காய்கள். முறை வரும்போது ஒன்றை எடுத்து ஒன்றைத் தள்ள வேண்டும். பதினான்காவது காயோடு நான்கு சேர்க்கையும் ஓர் இணையும் அமைந்தால் வெற்றி. ஓரினத்தின் அடுத்தடுத்த மூன்று எண்கள் ‘சௌ’ எனப்படும். ஒரே காய் மூன்று சேர்ந்தால் ‘பங்’. நான்கும் சேர்ந்தால் ‘காங்’. அதுவும் ஒரு சேர்க்கையாகவே எண்ணப்படும் ஆதலால், ஈடாக ஒரு காய் எடுத்துக்கொள்ளலாம். பிறர் தள்ளும் காயைப் பங்குக்காக எவரிடமிருந்தும் கேட்டுப் பெறலாம். சௌவுக்கோ, நமக்கு முன் ஆடியவர் தள்ளியதை மட்டுமே எடுக்கலாம். ஆனால் கடைசிக் காய், வெற்றிக்குரிய காய், எவர் தள்ளினும் நமதே.

இவ்வளவையும் ஒரு மாலையில் கற்றுவிடலாம். கற்கக் கடினமானது காத்திருக்கும் முறை. அதனைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

கையில் மூங்கில் 4, 5 இருப்பதாகக் கொள்ளுங்கள். 3 வந்தாலும் சௌ. 6 வந்தாலும் சௌ. எட்டுக் காய்கள் நமக்கு உதவும். 4, 6 இருந்தால் நடுவில் உள்ள 5 ஒன்றே வேண்டும். அது நான்கே காய்கள். 1, 2 இருப்பினும் 3 ஒன்றே வழி, அதுவும் நான்கே. ஓர் இணையைப் பங்காக்க நினைத்தால் மிஞ்சியிருப்பவை இரண்டே. காண்பதற்கு எல்லாம் இரண்டிரண்டு காய்களே. ஆயினும் ஒன்றுக்கு எட்டு வழி, ஒன்றுக்கு நான்கு, ஒன்றுக்கு இரண்டு. அவற்றுள்ளும் மேசையில் ஏற்கெனவே கிடப்பவற்றைக் கழித்துவிட வேண்டும். தேர்ந்தவர்கள் தம் கையை மட்டும் பார்ப்பதில்லை, மேசையையும் பார்க்கிறார்கள்.

ஒருநாள் நமக்கு மூன்று சேர்க்கை அமைந்துவிட்டது, இணையும் இருந்தது. எஞ்சியவை மூங்கில் 4, 6. ஐந்துக்குக் காத்திருந்தோம். இரண்டு ஐந்துகள் மேசையில் கிடந்தன. அப்போது 7 வந்தது. நாலைத் தள்ளி 6, 7 என்று வைத்திருந்தால் ஐந்தோடு எட்டும் நமக்கு வழியாகியிருக்கும். ஆனால் வெகுநேரம் வைத்திருந்த நாலை விட மனம் வரவில்லை, ஏழைத் தள்ளினோம். அதன்பின் எட்டு இருமுறை மேசைக்கு வந்தது. ஆட்டத்தை வேறொருவர் வென்றார். தாது தம் கையைத் திறந்து காட்டினார். மிச்சமிருந்த இரண்டு ஐந்தும் அவரிடம் இணையாக இருந்தன. நாம் எதிர்பார்த்த காய் எந்நாளும் வந்திராது!

“பாபு, உங்கள் கை நல்ல கைதான். ஆனால் ஒரே கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்” என்றார் அவர்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காரணம் காய்கள் அல்ல. அப்போது நம் அன்னையார் லால்குடியில் தனியே இருந்தார். திருச்சிக்கு மாற்றல் வேண்டி நாம் விண்ணப்பித்துப் பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. “அடுத்த பொங்கலுக்கு வந்துவிடுவோம், அம்மா” என்று ஆண்டுதோறும் எழுதுவோம். “இங்கு அழைத்து வருவோமே” என்று இல்லத்தரசி கூறும்போதெல்லாம், குவார்ட்டர்ஸ் சிறியது, குளிர் ஆகாது, மொழி தெரியாது என்று தட்டிக் கழித்தோம். மாற்றல்தான் வரப்போகிறதே என்று இருந்துவிட்டோம். இக்காலனியில் நம்மைப் போன்றோர் எத்தனை பேர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

மறு வாரமே விடுப்பு எழுதிக் கொடுத்து ஊருக்குச் சென்றோம். அன்னையாரை அழைத்து வந்தோம். முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டோம். பிள்ளைகள் தரையில் படுத்தனர். குளிருக்குக் கம்பளி வாங்கினோம். மொழி தெரியாவிடினும் மீன்காரியோடு பேரம் பேசும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மையாரோடு எவ்வாறோ நட்புக் கொண்டார். பல்லாங்குழியில் தேர்ந்த கை ஆதலால் மாஜோங்கையும் ஒரு திங்களில் கற்றுக்கொண்டார். பங் என்று சொல்ல வேண்டிய இடத்தில் “எனக்குப் பங்கு!” என்பார். புளியங்கொட்டைகளே எங்கள் கணக்கு. பெரும்பாலும் வென்றவர் அவரே.

நான்கு ஆண்டுகள் நம்மோடு இருந்து, கடந்த தை மாதம் அவர் காலமானார். மாற்றல் ஆணை இன்றுவரை வரவில்லை. நாம் அந்தப் பழைய நாலைத் தள்ளாதிருந்தால் இந்நான்கு ஆண்டுகள் நமக்குக் கிடைத்திரா. விண்ணப்பத்தை நாம் திரும்பப் பெறவில்லை, வந்தால் மகிழ்வோம். ஆனால் அது ஒன்றே கதவு என்று இனி உட்கார்ந்திரோம்.

தாதுவும் சென்ற ஆண்டு டொரண்டோவுக்குச் சென்றுவிட்டார். புறப்படும்போது தம் காய்ப்பெட்டியை நம்மிடம் கொடுத்தார். அதனை நம் சங்கத்துப் படிப்பகத்துக்கு இன்று அளிக்கிறோம். பணம் வைத்து ஆடலாகாது என்பதே நம் ஒரே வேண்டுகோள்; புளியங்கொட்டை நாமே கொண்டு வருவோம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மூவர் வந்தால் போதும். நான்காமவர் நாம்.