நீதிமன்றப் படியில் நின்று பேசுவது குற்றமா?

(மலேசியாவின் கிள்ளானில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"வழக்கு இருந்தால் கோர்ட்டில் பேசு. பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு வெளியே என்ன பேச்சு?" மனித உரிமைக்காக வாதாடும் வழக்கறிஞர்களைப் பார்த்து இப்படிக் கேட்கிறார்கள். அதிகாரத்தில் இருப்பவர்கள் கேட்பதில் எனக்கு வியப்பில்லை. நம் ஆட்களே டீக்கடையில் உட்கார்ந்து அதையே கேட்கும்போதுதான் நெஞ்சு கொதிக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று இந்த மேடை ஏறியிருக்கிறேன்.

பதிலைத் தேடி எங்கும் போக வேண்டாம். இந்தக் கிள்ளானிலேயே இருக்கிறது.

2017 பிப்ரவரி 7. எஸ். பாலமுருகன், 44 வயது. தடுப்புக் காவலை நீட்டிக்கக் கேட்டுப் போலீஸ் அவரைக் கிள்ளான் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவந்தது. அவரால் நிற்க முடியவில்லை. இரத்தம் வடிந்தது. வழக்கறிஞர் எழுந்து அதைச் சொன்னார். மாஜிஸ்திரேட் காவலை நீட்டிக்க மறுத்தார். விடுவியுங்கள், சிகிச்சைக்கு அனுப்புங்கள் என்றார். போலீஸ் என்ன செய்தது? மீண்டும் கைது செய்தது. அன்றிரவே வடகிள்ளான் போலீஸ் தலைமையகத்தில் அவர் உயிர் போனது.

கோர்ட்டில் பேசு என்கிறீர்களே ஐயா, கோர்ட்டில் பேசினார்களே! மாஜிஸ்திரேட்டும் கேட்டாரே! ஆணையும் போட்டாரே! அந்த ஆணை அவர் உயிரைக் காப்பாற்றியதா? பிறகு அந்த வழக்கறிஞர் செய்தியாளர்களிடம் வாய் திறக்காமல் இருந்திருந்தால், அப்படி ஓர் ஆணை இருந்தது என்பதாவது நமக்குத் தெரிந்திருக்குமா? ஒரு கோப்பில் ஒரு தாள், லாக்கப்பில் ஒரு சாவு, அதோடு கதை முடிந்திருக்கும்.

இன்னும் எட்டு ஆண்டுகள் பின்னால் போங்கள். 2009 ஜனவரி 20. சுபாங் ஜெயா, தைப்பான் போலீஸ் நிலையம். ஏ. குகன் என்ற இளைஞர். கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துப் போனார்கள், பிணமாகக் கொடுத்தார்கள். செர்டாங் மருத்துவமனையில் நடந்த முதல் சவப் பரிசோதனை என்ன சொன்னது? நுரையீரலில் நீர் கோத்துவிட்டதாம்! குடும்பத்தார் பிணவறைக்குள் புகுந்தார்கள். உடலைப் படம் பிடித்தார்கள். அந்தப் படங்கள் நாடு முழுக்கப் போயின. வழக்கறிஞர்கள் ஒவ்வொரு நாளும் பத்திரிகைகளிடம் பேசினார்கள். அதன் பிறகுதான் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது பரிசோதனை. உடம்பில் 45 வகைப் புறக்காயங்கள் இருந்ததை அந்த அறிக்கை சொன்னது. அடியினால் சிறுநீரகம் செயலிழந்ததைச் சொன்னது.

உடல் ஒன்றுதான். அறிக்கைதான் இரண்டு. முதல் அறிக்கையோடு எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நீர் கோத்துச் செத்தவர் என்றுதான் இன்றைக்கும் குகனின் பெயர் பதிவில் இருந்திருக்கும். 2013 ஜூன் 26 அன்று நீதிபதி வி.டி. சிங்கம், குகனின் தாய்க்கு 8 லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு வழங்கித் தீர்ப்பளித்தார். மகன் செத்து நான்கு ஆண்டுகளுக்குமேல் அந்தத் தாய் நீதிமன்ற வாசலில் காத்துக் கிடந்து பெற்ற தீர்ப்பு அது. குற்றவியல் வழக்கிலோ ஒரே ஒரு கான்ஸ்டபிளைத்தான் கூண்டில் ஏற்றினார்கள். ஒருவர் கை மட்டும் பட்டுத்தான் இத்தனை காயமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அதே 2013 மே மாதம், கோலாலம்பூர் போலீஸ் தலைமையகத்தில் என். தர்மேந்திரன் செத்தார். உடம்பில் 52 காயங்கள். காதுகளில் ஸ்டேப்ளர் ஊசி. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அமலாக்க முகமைகளின் நேர்மை ஆணையம் விசாரித்து, போலீஸ் வன்முறை நடந்ததை உறுதிசெய்தது. அவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களோ விடுதலை ஆனார்கள்.

சகோதரர்களே, மரணத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர் செத்துப்போய்விட்டார். அறையில் இருந்த மற்றவர்கள் சீருடைக்காரர்கள். கேமராப் பதிவு அவர்கள் கையில். விசாரணை அதிகாரி அவர்கள் ஆள். இந்த நிலையில் குடும்பத்துக்கு இருக்கும் ஒரே ஆயுதம் ஊரறியச் சொல்வது. அந்த வேலையைச் செய்கிறவர்தான் பொதுநல வழக்கறிஞர். அவர் விளம்பரத்துக்காகப் பேசுகிறார் என்று சொல்கிறவர்கள் ஒருநாள் அந்தப் பிணவறை வாசலில் நின்று பார்க்கட்டும்.

சரி, வழக்கறிஞர் வெளியே பேசச் சட்டம் இடம் கொடுக்கிறதா? இதோ, நம் நாட்டு 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம், 42ஆம் பிரிவு. அச்சத்துக்கும் தயவுக்கும் ஆட்படாமல், தன் நலத்தையும் தன் உறுப்பினர்களின் நலத்தையும் பாராமல் நீதிக்காக நிற்பதே மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் நோக்கம் என்கிறது. நாடாளுமன்றம் எழுதிவைத்த கடமை இது. கடமையைச் செய்யச் சொல்லிவிட்டு, செய்தவர்களை என்ன செய்தார்கள்? அதையும் கேளுங்கள்.

2009 மே 7, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ். மெழுகுவர்த்தி ஏந்தி நின்றவர்களைப் பிடித்துப் போலீஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள். அவர்களைப் பார்க்கச் சட்ட உதவி மையத்தின் ஐந்து இளம் வழக்கறிஞர்கள் வந்தார்கள். கைதானவர் தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கலாம் என்கிறது நம் அரசியலமைப்பின் ஐந்தாவது விதி. அந்த விதியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஐவரையும் அதே நிலையத்தில் இரவு முழுக்க அடைத்தார்கள்! மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பொது விசாரணை நடத்தி, அங்கே உரிமை மீறல் நடந்ததைச் சொன்னது. பிரிக்பீல்ட்ஸ் போனால் துன் சம்பந்தன் சாலையில் பூ வாங்குகிறோம், துணி வாங்குகிறோம். அங்கிருந்து கூப்பிடும் தூரத்தில்தான் இது நடந்தது.

வழக்கறிஞர் கர்ப்பால் சிங்கை மறக்க முடியுமா? 2009இல் தன் அலுவலகத்தில் செய்தியாளர்களைச் சந்தித்து, பேராக் அரசியல் நெருக்கடியில் சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கினார். அதற்குத் தேச நிந்தனை வழக்கு. 2014 மார்ச்சில் 4,000 வெள்ளி அபராதம். அடுத்த மாதமே சாலை விபத்தில் அவர் போய்விட்டார். 2019இல் கூட்டரசு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது. கேட்க அவர் இல்லை.

என். சுரேந்திரனைப் பாருங்கள். குகன் வழக்கில் நின்றவர், சுதந்திரத்துக்கான வழக்கறிஞர்கள் அமைப்பைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிமின் வழக்கறிஞர்களில் ஒருவராக, ஒரு தீர்ப்பு தவறு என்று பத்திரிகை அறிக்கை விட்டார். 2014 ஆகஸ்டில், ஒரே மாதத்தில் இரண்டு முறை அவர்மீது தேச நிந்தனைக் குற்றச்சாட்டு. தீர்ப்பை விமர்சித்த வழக்கறிஞரே குற்றவாளி என்றால், சாதாரண மனிதன் எந்தத் தைரியத்தில் புகார் கொடுப்பான்?

ஹிண்ட்ராப் இயக்கத்தின் வழக்கறிஞர் பி. உதயகுமாரை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 நவம்பரில் பிரிட்டிஷ் பிரதமருக்கு எழுதிய கடிதத்துக்காக 2013இல் அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அவரோடு உடன்படாதவர்கள் இங்கே இருக்கலாம். அவர் சொற்கள் கடுமையானவை என்று சொல்லலாம். அதற்குப் பதில் சொல்லுங்கள், மறுத்து எழுதுங்கள். கடிதத்துக்குச் சிறையா பதில்?

அதே 2007 நவம்பர் 25 அன்று, ஹிண்ட்ராப் பேரணியில், தலைநகரத் தெருக்களில் கண்ணீர்ப்புகை வாங்கியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவரை, விசாரணையின்றி அடைக்கும் இசா சட்டத்தில் கமுந்திங் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஐவரில் நால்வர் வழக்கறிஞர்கள். அப்போது இந்தக் கிள்ளான் என்ன செய்தது? 2008 மார்ச் 8 தேர்தலில், முள்வேலிக்குப் பின்னால் இருந்த எம். மனோகரனைக் கோத்தா அலாம் ஷாவின் சட்டமன்ற உறுப்பினராக்கியது! ஒரு நாள்கூட அவர் இங்கே வந்து ஓட்டுக் கேட்கவில்லை. நீங்கள் போட்டீர்கள். அந்த ஊர்தான் இது. அதனால்தான் உங்களிடம் உரிமையோடு பேசுகிறேன்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த கொடுமை என்று நினைக்காதீர்கள். நைஜீரியாவில் கனி ஃபவேஹின்மி என்றொரு வழக்கறிஞர் இருந்தார். 1986இல் டெலே கிவா என்ற பத்திரிகை ஆசிரியரைப் பார்சல் குண்டு அனுப்பிக் கொன்றார்கள். இராணுவ ஆட்சி நடந்த நாட்டில், கொன்றவர் யார் என்று நீதிமன்றத்திலும் கேட்டார், பத்திரிகையிலும் கேட்டார் ஃபவேஹின்மி. எழுத்தாளர் கென் சரோ-விவாவுக்காகவும் வாதாட நின்றார். சரோ-விவாவை விசாரித்த தீர்ப்பாயத்தில் நீதி இல்லை என்று கண்டதும், அந்த நாடகத்துக்குத் துணைபோக மாட்டேன் என்று வெளிநடப்புச் செய்தார். 1995 நவம்பர் 10 அன்று சரோ-விவாவைத் தூக்கிலிட்டார்கள். ஃபவேஹின்மியைத் திரும்பத் திரும்பச் சிறையில் போட்டார்கள். பின்னாளில் அரசாங்கம் விருது கொடுத்தபோது வேண்டாம் என்று மறுத்தார். லாகோஸ் ஆனாலும் கிள்ளான் ஆனாலும் அதிகாரம் முதலில் அஞ்சுவது, சட்டம் தெரிந்தவன் மக்கள் மொழியில் பேசுவதற்குத்தான்.

பக்கத்துச் சிங்கப்பூரையும் சொல்ல வேண்டும். ஈப்போப் பக்கத்துப் பிள்ளை நாகேந்திரன் தர்மலிங்கம். 42.72 கிராம் ஹெராயினோடு 2009இல் பிடிபட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று நீதிமன்றத்திலேயே பதிவானது. கோலாலம்பூர் வழக்கறிஞர்கள் பேசினார்கள், உலகமே பேசியது. இருந்தும் 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிட்டார்கள். அதற்கு முன்பே, 2020 ஜனவரியில், அங்கே தூக்குத் தண்டனை நிறைவேற்றும் முறையைப் பற்றிச் சுரேந்திரனின் அமைப்பு அறிக்கை விட்டபோது, அது பொய் என்று சிங்கப்பூர் அரசு மறுத்தது; திருத்த ஆணை போட்டது; அமைப்பின் இணையத்தளத்தையே அங்கு முடக்கியது. ஆனால் அந்தப் பேச்சு வீண்போனதா? இங்கே ஆண்டுக்கணக்காகப் பேசிப் பேசித்தான், 2023 ஜூலையில் நம் நாட்டில் கட்டாய மரண தண்டனை ஒழிந்தது. நீதிபதிக்கு உயிரைக் காக்கும் அதிகாரம் திரும்பக் கிடைத்தது. வெளியே பேசியவர்கள் சாதித்தது அது.

இனி நம் வீட்டுக்குள் வருகிறேன். லாக்கப்பில் ஒருவன் செத்தான் என்று செய்தி வந்தால் நம் வாயில் முதலில் வரும் சொல் என்ன? "அவன் குண்டர் கும்பல்தானே, போகட்டும்." வெட்கமாக இல்லையா? குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிப்பது நீதிபதி. போலீஸ்காரரின் ரப்பர் குழாய்க்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது? இந்த நாட்டில் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லாத நம் இந்தியச் சமூகம், தன் பிள்ளைகளைத் தானே கைகழுவினால் வேறு யார் வந்து கேட்பார்கள்? குண்டர் கும்பல் நம் தெருக்களை நாசமாக்குகிறது, எனக்கும் தெரியும். திருடினால் வழக்குப் போடுங்கள். நிரூபித்தால் சிறையில் போடுங்கள். சட்டத்தை மீறியவனைச் சட்டத்தை மீறிக் கொல்லும் சீருடைக்கு மட்டும் கைதட்ட மாட்டோம்.

ஊடகமே விசாரணை நடத்துகிறது என்றொரு குற்றச்சாட்டும் உண்டு. கைதானவனைக் கைவிலங்கோடு நிறுத்திப் படம் எடுத்து, குண்டர் தலைவன் என்று போலீஸ் செய்தியாளர் கூட்டம் நடத்துகிறதே, அது என்ன? அவர்கள் பேசினால் தகவல், நம் வழக்கறிஞர் பேசினால் தேச நிந்தனையா?

ஆகவே மூன்று கோரிக்கைகளை இந்தக் கூட்டத்தின் சார்பில் வைக்கிறேன். ஒன்று, 1948இல் வெள்ளைக்காரன் போட்ட தேச நிந்தனைச் சட்டத்தை முழுவதுமாக நீக்குங்கள். எதிர்க்கட்சியில் இருந்தபோது நீக்குவோம் என்றவர்கள் இன்று ஆட்சியில் இருக்கிறார்கள், வாக்கைக் காப்பாற்றட்டும். இரண்டு, 2005இல் அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தபடி, போலீஸ் தவறுகளை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரமுள்ள ஆணையத்தைக் கொடுங்கள். 2023இல் செயல்படத் தொடங்கிய சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்தால் பரிந்துரைக்கத்தான் முடிகிறது; பல்லைப் பிடுங்கிவிட்டுக் காவலுக்கு வைத்த நாய் அது. மூன்று, தடுப்புக் காவலில் நடக்கும் ஒவ்வொரு மரணத்துக்கும் தாமதமில்லாமல் திறந்த நீதிமன்றத்தில் மரண விசாரணை நடத்துங்கள்.

அரசாங்கத்திடம் கேட்டாயிற்று. உங்களிடமும் கேட்கிறேன். வீட்டில் ஒருவரைப் பிடித்துப் போனால், எந்த நிலையம், எந்த அதிகாரி, எத்தனை மணி என்று உடனே எழுதுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். சட்ட உதவி வழக்கறிஞரை அதற்குள் தேடுங்கள். உடம்பில் காயம் கண்டால் படம் எடுங்கள். முதல் சவப் பரிசோதனையில் சந்தேகம் இருந்தால், உடலை எரிக்க அவசரப்படாதீர்கள், இரண்டாவது கேளுங்கள். மானம் போய்விடும் என்று மறைக்காதீர்கள். மானம் போக வேண்டியது அடித்தவனுக்கு.

கடைசியாக ஒன்று. மரண விசாரணை நாள்களில் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாருங்கள். வழக்கறிஞர் இருப்பார், அழுதுகொண்டு தாய் இருப்பார், இரண்டு நிருபர்கள் இருப்பார்கள். மற்ற நாற்காலிகள் காலி. நமக்காக வாய் திறந்தவரை அங்கே தனியாக விட்டுவிட்டு, இங்கே அவரைப் புகழ்ந்து கைதட்டிப் பயனில்லை. பொதுமக்கள் உட்காரும் இடம் அது. பொதுவாக எவரும் தடுக்க முடியாது. அடுத்த விசாரணைத் தேதியை மேடைக்குக் கீழே எழுதிவைத்திருக்கிறோம். போகும்போது குறித்துக்கொள்ளுங்கள். அன்று ஒரு நாள் விடுப்பு எடுத்து வாருங்கள்.