பேரைப் பதிவு பண்ணுங்க, அதுதான் முதல் நிவாரணம்

(திருப்பூர் பின்னலாடைத் தொழில் நடத்துவோரும் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசாப் படிங்க, உங்க கம்பெனி குரூப்பிலும் பகிருங்க.)



2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. அன்னைக்கு ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நடுராத்திரியிலிருந்து 21 நாள் நாடு முழுக்க ஊரடங்கு என்றார். நம்ம ஊருக்கு அது செவ்வாய்க்கிழமை என்பது முக்கியம். ஏன்னா நமக்குச் சம்பளம் சனிக்கிழமை. சனிக்கிழமை கூலி வாங்கி, மளிகைக் கடை பாக்கியைக் கொடுத்து, லைன் வீட்டு வாடகைக்கு ஒதுக்கி, மிச்சத்தில் அடுத்த வாரத்தை ஓட்டுற ஊர் இது. மாசச் சம்பளக்காரருக்கு ஊரடங்கு ஒண்ணாம் தேதி உறைத்தது. நம்ம தொழிலாளிக்கு நாலே நாளில் உறைத்தது.

அப்போ இந்த ஊர் சும்மா இருக்கலை. அரிசி கொடுத்தாங்க, காய்கறி கொடுத்தாங்க, சமைச்சுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாங்க. கட்சி வித்தியாசம் பார்க்காமல் இளைஞர்கள் ஓடினார்கள். அந்தக் கைகளை எல்லாம் கும்பிடுகிறேன். ஆனா இன்னைக்கு நான் கேட்க வந்த கேள்வி வேற. மறுபடியும் ஒரு கொள்ளைநோய் வந்தா, ஒரு கம்பெனி தன் ஊருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி எது?

என் பதில் ஒண்ணுதான். நோய் வருவதற்கு முன்னாடியே, தன்கிட்ட வேலை செய்யும் ஒவ்வொருத்தர் பேரையும் பதிவேட்டில் ஏற்றி, இஎஸ்ஐ, பிஎஃப் கட்டி வைப்பது. மற்ற உதவி எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஏன் இப்படிச் சொல்றேன்னு பாருங்க. 2020 மார்ச் 29-ல் மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. ஊரடங்குக் காலத்துக்குப் பிடித்தம் இல்லாமல் கூலி கொடுக்கணும்னு சொன்னது. மே மாதம் அந்த உத்தரவு திரும்பப் போயிருச்சு. ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. அதாவது, அந்த ரெண்டு மாதக் கூலி கடைசியில் பேச்சுவார்த்தைக்கு வந்து நின்றது. பேச்சுவார்த்தையில் உட்கார முதலில் என்ன வேணும்? நான் இந்தக் கம்பெனி ஆள்னு காட்ட ஒரு சான்று வேணும். பதிவேட்டில் பேர் இல்லாத பீஸ் ரேட் டெய்லர் எதைக் காட்டுவார்?

இப்போ பேர் இருந்தவங்களுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பாருங்க.

இஎஸ்ஐ கழகம் 2021-ல் கொரோனா நிவாரணத் திட்டம் ஒன்று கொண்டு வந்தது. காப்பீடு செய்யப்பட்ட தொழிலாளி கொரோனாவில் இறந்தால், அவருடைய சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் குடும்பத்துக்கு உதவித்தொகையாக வரும். மாதம் 1,800 ரூபாய்க்குக் குறையாது. 2020 மார்ச் 24 முதல் 2 வருஷத்துக்கு அது அமலில் இருந்தது. ஆனா நிபந்தனை உண்டு. நோய் உறுதியாவதற்குக் குறைந்தது 3 மாதம் முன்னாடியே பேர் பதிவாகியிருக்கணும். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் ஆகாது.

வேலை போனவருக்கு இன்னொரு உதவி இருந்தது. 90 நாள் வரைக்கும், கூலியில் பாதி. முன்பு கால் பங்காக இருந்ததைக் கொரோனாவுக்காகப் பாதியாக உயர்த்தினார்கள். அதுவும் இஎஸ்ஐ கட்டியவருக்குத்தான்.

பிஎஃப் பக்கம் வாங்க. 2020 மார்ச் கடைசியில், கணக்கு வைத்திருப்பவர் 3 மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், அல்லது கணக்கில் உள்ளதில் 75 சதவீதம், இதில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம், திருப்பிக் கட்ட வேண்டாம்னு விதி வந்தது. பிஎஃப்போடு சேர்ந்த இறப்புக் காப்பீட்டில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை என்று 2021-ல் உயர்த்தப்பட்டது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. ஒரே கூரைக்குக் கீழே, பக்கத்துப் பக்கத்து மெஷினில் ரெண்டு பேர். ஒருத்தர் ஓவர்லாக், ஒருத்தர் பேட்லாக். ரெண்டு பேரும் ஒன்றரை ஷிப்ட் தைக்கிறாங்க. ஒருத்தர் பேர் பதிவேட்டில் இருக்கு, இன்னொருத்தர் கான்ட்ராக்டர் ஆள்னு விட்டாச்சு. நோய் ரெண்டு வீட்டுக்கும் வருது. ஒரு வீட்டில் மாதாமாதம் பணம் வருது. இன்னொரு வீட்டில் நாம் கொடுத்த அரிசி மூட்டை மட்டும் வருது. அரிசி எத்தனை நாளைக்கு?

இதுக்கு என்ன செலவாகும்? இஎஸ்ஐக்குக் கம்பெனி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். சேர்ந்து 100 ரூபாய் கூலிக்கு 4 ரூபாய். இன்னொன்றையும் தெரிஞ்சுக்கங்க. கான்ட்ராக்டர் கொண்டு வந்த ஆளாக இருந்தாலும், கட்ட வேண்டிய முதல் பொறுப்பு வேலை வாங்கும் கம்பெனிக்குத்தான் என்று சட்டம் சொல்லுது. இதை அன்பளிப்பாக நினைக்க வேண்டாம், தொழிலாளிக்குச் சேர வேண்டிய பாத்தியதை.

இங்கே ஒரு சின்ன யூனிட்காரர் எழுந்து கேட்பார், கேட்கணும். "ஏனுங்க, நீங்க சொல்றது பெரிய எக்ஸ்போர்ட்டருக்குச் சரி. நான் பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் பண்றேன். எனக்கே பில் பணம் 3 மாசம் கழிச்சு வருது. நான் எங்கே போய் இஎஸ்ஐ கட்டுவேன்?"

நியாயமான கேள்வி. அதனால்தான் இந்தப் பொறுப்பு மேலிருந்து கீழே வரணும்னு சொல்றேன். நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங், அயர்னிங் என்று ஒரு பனியன் எத்தனை கை மாறுது! ஒரு கை பணத்தை நிறுத்தினால் அதுக்குக் கீழே உள்ள எல்லாக் கைக்கும் பட்டினி. 2020-ல் அதுதான் நடந்தது. வெளிநாட்டு பிராண்டுகள் ஆர்டரை ரத்து செய்தன, தள்ளி வைத்தன. வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேலான ஆர்டர் இப்படிப் போனதாக அங்குள்ள ஏற்றுமதியாளர் சங்கம் கணக்குச் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியது. தைத்து முடித்த சரக்கையும் தயாரிப்பில் இருக்கும் சரக்கையும் எடுத்துக்கொண்டு பணம் கொடுப்போம் என்று எச் அண்ட் எம் மார்ச் கடைசியிலேயே அறிவித்தது. மற்ற சிலரும் பின்னாடி வந்தார்கள்.

பிராண்டிடம் நாம் கேட்ட நியாயத்தை, நமக்குக் கீழே இருக்கிற ஜாப் ஒர்க்காரருக்கும் நாம் கொடுக்கணும் இல்லையா? குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்கணும்னு 2006-ம் வருஷச் சட்டமே இருக்கு. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப்போல் மூணு மடங்கு வட்டி. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் 2024 ஏப்ரல் முதல் வந்தாச்சு. கொள்ளைநோய்க் காலத்தில் பெரிய கம்பெனி செய்ய வேண்டிய பெரிய தர்மம் எதுன்னு கேட்டா, முடிந்த வேலைக்கான பில்லைத் தீர்ப்பதுதான். அந்தப் பணம் ஒரே வாரத்தில் தொழிலாளி கூலியாகி, அடுத்த வாரம் மளிகைக் கடைக்குப் போகும்.

"சமூகப் பொறுப்பு நிதி பெரிய கம்பெனிக்குத்தானே"ன்னும் சொல்வாங்க. சட்டப்படி உண்மைதான். நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, சொத்து மதிப்பு 500 கோடி, இதில் ஒன்றையாவது தொடும் கம்பெனிகள்தான் லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கணும். நம்ம ஊர் யூனிட்டுகளில் பெரும்பாலானவை இதில் வராது. அதனால் நம்ம அளவுக்கு ஒரு வழி சொல்றேன். 20 பேர் வேலை செய்யும் யூனிட். ஒருத்தருக்கு நாள் கூலி 500 ரூபாய்னு வைங்க. 2 வாரக் கூலி 1,20,000 ரூபாய். கம்பெனி தன் கையிலிருந்து வாரம் 2,400 ரூபாய் தனியாகப் போட்டு வந்தால் 50 வாரத்தில் அது சேர்ந்துவிடும். கதவு மூடும் நாளில் அந்த ரெண்டு சனிக்கிழமை சம்பளம் கையில் இருக்கும். ரெண்டு வாரம் கிடைத்தால் மனுஷன் யோசிக்க முடியும். ஊருக்கு நடக்கலாமா, இங்கேயே இருக்கலாமான்னு முடிவெடுக்க முடியும்.

ஊருக்கு நடப்பதுன்னு சொன்னதும் வடமாநிலத் தோழர்கள் ஞாபகம் வருது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், அசாம் என்று எத்தனை பேர் நம்ம கம்பெனிகளில் உழைக்கிறாங்க. 2020 மே 1 முதல் நாடு முழுக்கச் சிறப்பு ரயில்கள் விட்டதும் கூட்டம் கூட்டமாகப் போனாங்க. வேலை தொடங்கியதும், அவங்களைக் கூட்டி வர பஸ் அனுப்ப வேண்டியதாச்சு. அந்த பஸ் வாடகையை முன்னாடியே தங்கும் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் செலவழித்திருந்தால் பலர் போயிருக்க மாட்டாங்க. அறிவிப்பைத் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் ஒட்ட எவ்வளவு செலவு? வதந்தியை முதலில் நிறுத்துவது அவங்க பாஷையில் ஒட்டின ஒரு தாள்தான்.

நம்ம தொழிலின் திறமையே ஊருக்கு உதவின கதையும் உண்டு, அதைப் பெருமையா சொல்வோம். 2020 தொடக்கத்தில் டாக்டர்கள் போடும் முழுக்கவச உடை இந்தியாவில் ஏறக்குறைய தயாராகவே இல்லை. மே மாதம் நாடு முழுக்க நாளைக்கு 4 லட்சத்துக்கு மேல் தயாரானது. நம்ம திருப்பூர் மெஷின்களும் பனியனை நிறுத்திவிட்டு முகக்கவசமும் கவச உடையும் தைத்தன. அந்த உடையில் ரத்தம் ஊடுருவுதான்னு சோதித்துச் சான்று கொடுத்த ஆய்வகம் பக்கத்தில் கோயம்புத்தூர் சிட்ராதான்.

ரெண்டாம் அலையில் 2021 மே 20-ம் தேதி, 18 முதல் 44 வயதுக்காரர்களுக்கான தடுப்பூசித் திட்டம் நம்ம நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில்தான் முதலமைச்சரால் தொடங்கப்பட்டது. கம்பெனி வளாகமே ஊசி போடும் இடமாகலாம்னு அது காட்டியது. அதிலும் ஒரு பாடம். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் லீவு வேணும், அந்த லீவுக்குக் கூலி வேணும். கூலி போகும்னு தெரிஞ்சா பீஸ் ரேட் ஆள் ஊசிக்கு வரமாட்டார், காய்ச்சலையும் மறைப்பார். மறைத்த காய்ச்சல் கடைசியில் முழு கம்பெனியையும் மூட வைக்கும்.

அரசாங்கத்தையும் கேட்போம். 100 படுக்கை இஎஸ்ஐ மருத்துவமனைக்குத் திருப்பூரில் 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினாங்க. கொரோனா வந்தப்போ கட்டடம் தயாராக இல்லை. தொழிலாளியின் சந்தாவில் வரும் மருத்துவமனை நோய்க்குப் பிந்தி வந்தால் யாருக்கு லாபம்? இதைக் கேட்கும் பலமும் பதிவில்தான் இருக்கு. காப்பீட்டாளர் எண்ணிக்கை குறைவாகக் காட்டுற ஊருக்குப் படுக்கையும் டாக்டரும் குறைவாகத்தான் வருவாங்க.

தோழர்களே, இணையத்தில் படிக்கிற நண்பர்களே, கைதட்டிட்டுப் போக வேண்டாம். இந்த வாரம் மூணு வேலை செய்யுங்க. உங்க தெருவில், உங்க லைன் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு தொழிலாளியிடமும் இஎஸ்ஐ எண், பிஎஃப் எண் இருக்கான்னு கேளுங்க. இல்லாதவர் பட்டியலைத் தொழிற்சங்கத்திடம் கொடுங்க, எந்தச் சங்கமாக இருந்தாலும் சரி. உங்களுக்குத் தெரிஞ்ச ஜாப் ஒர்க்காரருக்கு உத்யம் பதிவு செய்ய உட்கார்ந்து உதவுங்க. 45 நாள் உரிமையைக் கேட்க அவருக்கு அது கையில் இருக்கணும்.

நோய் எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை வாராவாரம் வரும். அதுக்குள்ள ஒரு பேரையாவது பதிவேட்டில் ஏத்துவோம்.



#திருப்பூர் #பனியன்தொழிலாளர் #பேரைப்பதிவுபண்ணுங்க