ஆற்று மீன் யாருடைய சட்டிக்கு?



ஆற்றில் பிடித்த மீனில் எதை வீட்டுக்கு எடுத்துப்போகலாம், எதைத் திரும்ப விட வேண்டும்? சினை மீனைப் பிடிக்காதே, குஞ்சை விட்டுவிடு, கொசுவலை போட்டு அரிக்காதே என்கிறார்கள். இவற்றில் நமக்கு மறுப்பில்லை. இந்த நினைவுச் சொற்பொழிவில் நாம் எழுப்புவது அதற்கு முந்தைய கேள்வி: இந்த விதிகளை எழுதுவது யார்? அவற்றுக்காகப் பட்டினி கிடப்பது யார்?

பிகாரில் 1950ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தில் ஜமீன்தாரியை ஒழித்தது. ஆனால் தண்ணீரில் அது நீடித்தது. பாகல்பூர் பகுதியில் சுல்தான்கஞ்ச் முதல் பீர்பைந்தி வரை சுமார் 80 கிலோமீட்டர் கங்கை ஜமீன்தார்களின் பிடியில் இருந்தது. ‘பானிதாரி’ என்று அதற்குப் பெயர். மல்லா சமூகத்து மீனவர்கள் வலை வீசுவதற்கே வரி கட்டினார்கள். தாம் பிடித்த மீன் தம் வீட்டு அடுப்பில் ஏறுவதற்கு முன்பே அடுத்தவருக்குக் கப்பம் போய்விடும். 1982இல் கஹல்காவில் கங்கை விடுதலை இயக்கம் தொடங்கியது. பெண்கள் அதில் முன்னணியில் நின்றார்கள். ஏறத்தாழப் பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகுதான் அந்த வரி ஒழிந்தது.

வரி ஒழிந்த அதே காலத்தில், 1991இல், அதே ஆற்றில் சுல்தான்கஞ்சுக்கும் கஹல்காவுக்கும் இடையே டால்பின் சரணாலயம் வந்தது. டால்பின் வாழ வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஜமீன்தாரிடமிருந்து மீட்ட ஆற்றில் மீனவர் மறுபடியும் அனுமதி கேட்டு நிற்பது எந்த வகை நீதி?

1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் தடுக்கிறது. வலைக்கண்ணின் அளவையும் தடைக்காலத்தையும் தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. நல்லது. ஆனால் 1975இல் இயங்கத் தொடங்கிய பராக்கா தடுப்பணை, முட்டையிடக் கடலிலிருந்து ஏறிவரும் ஹில்சா மீனின் வழியையே மறித்தது. கொசுவலை வைத்திருப்பவர் குற்றவாளி. அணை மட்டும் வளர்ச்சி.

1923இல் பம்பாய் சட்டமன்றம் பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறந்துவிடத் தீர்மானித்தது. ஆனாலும் மகாத் குளத்தில் தண்ணீர் அள்ள, 1927இல் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் திரண்டு போகவேண்டியிருந்தது. காகிதத்தில் உள்ள உரிமை தானாகக் கரைக்கு வருவதில்லை.

ஆகவே நாம் முன்வைக்கும் அறம் இதுதான். ஆற்றை நம்பி வாழும் வீட்டின் சட்டிக்கே முதல் பங்கு. சந்தை அதற்குப் பிறகு. நஞ்சும் கொசுவலையும் வேண்டாம். அவை நம் பிள்ளைகளின் அடுத்த ஆண்டுச் சோற்றைப் பறிக்கும். தடைக்காலம் விதித்தால், அந்த நாட்களுக்கான கூலியையும் விதியிலேயே எழுதுங்கள். விதி வகுக்கும் கூட்டத்தில் மீனவப் பெண்கள் உட்கார வேண்டும். வலைக்குள்ள அதே கண்டிப்பு அணைக்கும் ஆலைக் கழிவுக்கும் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஊர்க் கண்மாயில் மீன் ஏலம் நடக்கும்போது போய்ப் பாருங்கள். சேரியிலிருந்து ஒருவர் ஏலம் கேட்க முடிகிறதா? மீன் பங்கு சேரிக்கு வருகிறதா? பார்த்ததை எழுதுங்கள்.

ஜெய் பீம்.