அறிமுகக் கையெழுத்தும் கூகுள் தேடலும்



முன்பெல்லாம் வங்கியில் புதுக் கணக்கு தொடங்க, ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவரின் அறிமுகக் கையெழுத்து வேண்டும். எங்கள் வீரசோழன் சந்தை வியாபாரிக்கும் அதே விதிதான்.

கூகுள் தேடலும் அப்படித்தான் தொடங்கியது. ஓர் இணையதளத்துக்கு மற்ற தளங்கள் கொடுக்கும் லிங்க்கை அறிமுகக் கையெழுத்தாகக் கொண்டு, லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-இல் பேஜ்ரேங்க் முறையை வெளியிட்டார்கள்.

ஆள் இருந்தால் குறுக்குவழியும் இருக்குமே! சிலர் காலாவதியான பழைய தளப் பெயர்களை வாங்கிக் குவித்து, அத்தனையிலிருந்தும் தங்கள் கடைக்கே லிங்க் கொடுக்கிறார்கள். ஒரே ஆள் பத்துப் பெயரில் கையெழுத்துப் போட்டுத் தன்னையே அறிமுகம் செய்வது போல.

2011-இல் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைக்குச் சம்பந்தமே இல்லாத தளங்களிலிருந்து லிங்க் குவிந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது நிறுவனம். கூகுள் அதைப் பின்னுக்குத் தள்ளியது. 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற திருத்தமும் வந்தது. ஆனாலும் இந்த வேலை நிற்கவில்லை.

ஆகவே, தேடலில் முதலில் வந்தது என்பதற்காக எந்த எண்ணையும் நம்ப வேண்டாம். வங்கியின் உதவி எண்ணை ஏ.டி.எம். அட்டையின் பின்புறம் பாருங்கள். பிளம்பர், ஏ.சி. மெக்கானிக் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அதுதான் அசல் அறிமுகக் கையெழுத்து. ஏமாந்து பணம் போனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.