பிசினஸ் அனலிஸ்ட் உத்தியோகமும் அதற்கான பயிற்சியும்

(செம்பூர், திலக் நகரில் நடைபெற்ற அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்தத் தலைப்பில் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டதற்குக் காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். பி.காம். முடித்த பிள்ளைகள், பாங்கில் பத்து வருஷம் உழைத்து அலுத்தவர்கள், குழந்தைக்காக வேலையை விட்ட பெண்கள் என்று எல்லோரிடமும் யாரோ ஒருவர், "கோடிங் தெரியாமலே ஐ.டி.யில் நுழையலாம், பிசினஸ் அனலிஸ்ட் கோர்ஸ் சேருங்கள்" என்கிறார். அப்பாவின் பி.எஃப். பணத்திலிருந்து ஃபீஸ் கட்டியாகிறது. கட்டுவதற்கு முன்னால் இது என்ன வேலை என்றாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

நமக்குப் பழகிய விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இதோ பக்கத்திலிருக்கும் லோகமான்ய திலக் டெர்மினஸிலிருந்து கோயம்புத்தூர் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறோம். "வயசானவர்களுக்கு லோயர் பெர்த் கொடுக்க வேண்டும்" என்று ரயில்வே சொல்கிறது. கேட்க ஒரே வாக்கியம்தான். புரோகிராம் எழுதுகிறவர் உடனே கேட்பார்: வயசானவர் என்றால் எத்தனை வயசு? விதிப்படி ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45. சரி, ஒரே டிக்கெட்டில் எத்தனை பேர்? அந்தக் கோட்டாவில் தனியாகவோ இரண்டு பேராகவோதான் போகலாம். தாத்தா, பாட்டியோடு பேரனையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் கோட்டா போயிற்று. பாட்டி அப்பர் பெர்த்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். கோட்டா தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? ஆர்.ஏ.சி.யில் இருக்கிறவருக்கு எப்போது பெர்த் கிடைக்கும்? சார்ட் போட்ட பிறகு காலியானால் யாருக்கு?

இத்தனை கேள்விகளையும் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, பதில்களை வாங்கி, ஒன்றுக்கொன்று முரண்படாமல் எழுதிக் கொடுத்து, கடைசியில் மெஷின் அப்படியே செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறவர்தான் பிசினஸ் அனலிஸ்ட். கோடிங் எழுத வேண்டாம் என்பது நிஜம்தான். ஆனால் சுலபமான வேலை என்று யார் சொன்னது?

பெயர் புதிதே தவிர, தொழில் இந்த ஊருக்குப் பழசு. டி.சி.எஸ். நம் பம்பாயில் 1968-ல் ஆரம்பித்தது. 1969-ல் எஃப்.சி. கோலி பொது மேலாளராக வந்தார். சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவின் கிளைகளுக்கிடையிலான கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை அவர்களுடைய ஆரம்பகால வேலைகளில் ஒன்று. ஒரு கிளை டிராஃப்ட் கொடுக்கிறது, வேறொரு கிளை பணம் தருகிறது. இரண்டு பதிவுகளும் ஹெட் ஆபீஸில் சந்தித்துக்கொள்ள வேண்டும். எண் மாறிப்போனால், தேதி தள்ளிப்போனால், தொகையில் ஒரு சைபர் விட்டுப்போனால் மெஷினுக்கு என்ன தெரியும்? பாங்கு வழக்கம் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால்தான் ஆகும். 1970-ல் அங்கே சேர்ந்து பிற்காலத்தில் சி.எஃப்.ஓ. ஆன எஸ். மகாலிங்கம் இன்ஜினியர் அல்ல, சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். கணக்குத் தெரிந்தவர்களுக்கு அன்றைக்கே அந்த ஆபீஸில் இடம் இருந்தது.

இங்கே நம் முன்னோரைப் பற்றி ஒரு வார்த்தை. பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பிட்மன் ஷார்ட்ஹேண்டும் டைப்ரைட்டிங் சர்ட்டிபிகேட்டும் கையில் வைத்துக்கொண்டு மாதுங்காவில் வந்து இறங்கிய தலைமுறை அது. துரை சொன்னதை ஓர் எழுத்து பிசகாமல் எடுத்தார்கள். பிறகு மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் வந்தது. ஸ்பீடு மட்டுமே மூலதனமாக இருந்தவர்கள் திண்டாடினார்கள். எந்த ஃபைல் எந்த டிபார்ட்மெண்டுக்குப் போகும், எந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் பில் திரும்பி வரும் என்று தெரிந்து வைத்திருந்தவர்களை ஆபீஸ் விடவில்லை.

இன்றைக்கும் அதே கதைதான் நடக்கிறது. மீட்டிங்கில் பேசியதை மெஷினே மினிட்ஸாக எழுதிவிடுகிறது. ஏ.ஐ.யிடம் சொன்னால் 'யூசர் ஸ்டோரி' என்று இவர்கள் சொல்வதை வரிசையாக அடித்துத் தருகிறது. ஆகையால் ஃபாரம் நிரப்ப மட்டும் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்கு நான் ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன். மாமி சொல்லாமல் விட்டதைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். பேரன் விஷயத்தை எடுத்த எடுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள்!

சர்ட்டிபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். ஐ.ஐ.பி.ஏ. என்ற சர்வதேச அமைப்பு கனடாவில் 2003-ல் தொடங்கியது. அவர்களுடைய வழிகாட்டி நூலுக்கு பாபாக் என்று பெயர். மூன்றாம் பதிப்பு 2015-ல் வந்தது. பரீட்சைகள் மூன்று படிகளாக இருக்கின்றன. இ.சி.பி.ஏ. எழுத முன் அனுபவம் தேவையில்லை. சி.சி.பி.ஏ.வுக்கு 3,750 மணி நேரம் இந்த வேலை செய்திருக்க வேண்டும். சி.பி.ஏ.பி.க்கு 7,500 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி என்று கணக்குப் போட்டால் சுமார் நாலு வருஷ முழுநேர வேலை. "மூன்று மாதத்தில் சி.பி.ஏ.பி." என்று புதியவரிடம் சொல்கிற இடத்தில் காபி கொடுத்தாலும் குடிக்காமல் வந்துவிடுங்கள்.

அதைவிட மோசமான ஒன்று. சில பயிற்சி நிலையங்கள் பயோடேட்டாவில் இரண்டு வருஷ அனுபவம் என்று பொய்யாக எழுதித் தருகின்றன. கம்பெனிகள் பழைய வேலையைச் சரிபார்க்க வெளி ஏஜென்சி வைத்திருக்கின்றன. அகப்பட்டால் அந்த வேலை மட்டுமல்ல, பெயரும் போகும். பெற்றோர்கள் இதைத் தைரியமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எக்ஸெல் நன்றாக, எஸ்.க்யூ.எல். ஓரளவு, ஃப்ளோ சார்ட் வரைவது, ஜிரா போன்ற ஒரு சாஃப்ட்வேர், இவை போதும். பெரும்பாலானவற்றை வீட்டிலிருந்தே கற்கலாம். கடையில் வாங்க முடியாதது தொழில் ஞானம். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் இங்கிருந்து எவ்வளவு தூரம்? அங்கிருக்கும் நேஷனல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் ஷேர் விற்றால் பணம் வர 2001-ல் ஐந்து வேலை நாள். 2002-ல் அது மூன்றாயிற்று, 2003-ல் இரண்டு. 2023 ஜனவரியிலிருந்து எல்லா ஷேர்களுக்கும் ஒரே நாள். ஒவ்வொரு தடவை நாள் குறைந்தபோதும் புரோக்கர், பாங்க், கஸ்டோடியன் என்று எல்லோருடைய சிஸ்டத்திலும் எது எத்தனை மணிக்குள் முடிய வேண்டும் என்று யாரோ எழுதித்தானே ஆக வேண்டியிருந்தது? பாக் ஆபீஸில் உழன்றவருக்கு அது தெரியும். நம்மவர்களோ அந்த அனுபவத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, புதிதாகப் படித்து வந்தவர்கள் மாதிரி விண்ணப்பம் போடுகிறார்கள்!

இளைஞர்களுக்கு ஒரு வீட்டுப் பாடம் தருகிறேன். பழைய போர்டு கட்டடங்கள் இருந்த இடத்தில் டவர்கள் வந்திருக்கின்றன. மெயின்டனன்ஸ் பில்லும் வளர்ந்திருக்கிறது. உங்கள் சொசைட்டியின் பில் எப்படிப் போடப்படுகிறது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். வாடகைக்கு விட்ட ஃபிளாட்டுக்கு மகாராஷ்டிரத்தில் சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதத்துக்கு மேல் நான்-ஆக்குபன்ஸி சார்ஜ் வாங்கக்கூடாது. எது சர்வீஸ் சார்ஜ், எது இல்லை? ஃபிளாட்டில் சொந்தக்காரரின் கல்யாணமான பெண் குடியிருந்தால்? மாத நடுவில் குடித்தனக்காரர் காலி செய்தால்? செக்ரட்டரியிடமும் பொருளாளரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பதில் வரும். அங்கேதான் உங்கள் வேலை ஆரம்பம். இன்டர்வியூவில் காட்ட இதைவிட நல்ல சரக்கு கிடையாது.

(உரைக்குப் பின் ஒரு மாமி, தம் பெண் பாங்கில் ஒன்பது வருஷம் லோன் பிரிவில் இருந்துவிட்டு விலகி ஆறு வருஷமாகிறது, இப்போது வயது 38, அவளால் முடியுமா என்று கேட்டார்.)

முடியும் மாமி. ஆனால் முதலில் கோர்ஸ் வேண்டாம். லோன் அப்ளிகேஷன் வந்ததிலிருந்து பணம் பட்டுவாடா ஆகும் வரை, அவள் காலத்தில் எப்படி நடந்தது என்று எழுதச் சொல்லுங்கள். இன்று எப்படி நடக்கிறது என்று பழைய சிநேகிதிகளிடம் கேட்டுப் பக்கத்தில் எழுதட்டும். பாங்குகளுக்கு லோன் சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனிகளுக்கு மட்டும் விண்ணப்பம் போடட்டும். ஆறு வருஷ இடைவெளியை மறைக்க வேண்டாம். ஆரம்பச் சம்பளம் பழையதைவிடக் குறைவாக இருக்கலாம், அதற்குத் தயாராக இருக்கட்டும். இ.சி.பி.ஏ. எழுதுவதானால் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே எழுதலாம். அந்த இரண்டு பக்கத்தை எழுதி முடித்ததும் என்னிடம் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.